பாலத்துக்கு அந்தப் பக்கம்

வியாழக்கிழமை. ஷிஃப்ட் முடிந்த கையோடு கிளம்பியும்
பாலத்தில் மூன்றரை மணி நேரம்.
இரு பக்கமும் கடல், நடுவில் பிரேக் விளக்குகள்.
முத்திரை குத்துகிறவர் எதற்கு என்றார்.
நண்பரைப் பார்க்க என்றான் செலஸ்டின்.

நண்பர் மனாமாவில், அத்லியா சந்தொன்றில்,
செம்பு நிறம்.
காய்ந்த எலுமிச்சை போட்டு அங்கேயே காய்ச்சுவது.
வாரம் ஒரே பீப்பாய்,
பத்து மணிக்குமேல் போனால் நுரைகூட இல்லை.

ஜுபைலில் கடலைக் குடிநீராக்குவது என் வேலை.
தண்ணி கம்பெனி என்றால் ஊரில் கண்ணடிப்பார்கள்.
உப்பை எடுப்போம், கூடவே ருசியும் போய்விடும்,
அப்புறம் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்போம்
நாக்குக்குச் சமாதானம் சொல்ல.
பதினோரு வருடம்.

முதல் மடக்கில் புளிப்பு.
பிறகு கசப்பு, அவசரமில்லாமல்.
எல்லாம் இறங்கியபின் அடிநாக்கில்
எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று.
தண்ணீர் எங்கிருந்து என்றேன்.
காய்ச்சுகிற பெண் கதவுப் பக்கம் கைகாட்டினாள்:
அதே கடல்.

வண்டி ஓட்ட வேண்டிய சாகுல்
கோப்பையை வாங்கி மோந்து பார்த்துத் திருப்பித் தந்தான்.
"நம்ம நாலாம் நம்பர் தொட்டிடா இது" என்றான்,
சோடாவுக்குக் கை தூக்கியபடி.

நான் இன்னொன்று கேட்டேன்.
தீர்ந்துவிட்டதாம்.