மூன்றாம் கட்டம்

நிஸ்தார் நானாவின் போட்டோகொப்பிக் கடையில்
மை பரவிக் கெட்டுப்போன தாள்கள் எனக்கு.
பின்பக்கம் வெள்ளை.
அதில்தான் பிறந்தான்
‘எனக்கென்ன’ ஏகாம்பரம்:
தலையில் மூன்று மயிர்,
சட்டைப் பைக்குள்ளே இன்னொரு சட்டைப் பை.

ஹட்டனிலிருந்து மாதம் இரண்டு தரம் வரும்
எட்டுப் பக்கப் பத்திரிகையில்
கடைசிப் பக்கம், மரண அறிவித்தலுக்குக் கீழே
அவனுக்கு மூன்று கட்டம்.
முதல் கட்டத்தில் ஆசைப்படுவான்.
இரண்டாவதில் பறிப்பான்.
மூன்றாவதில் விழுவான்.
மலைநாட்டில் வழுக்கி விழ இடமா இல்லை?

கட்டச்சம்பலைத் தனியே தின்னக்
கக்கூசுக்குள் ஒளிந்தான்; தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையைப் படுக்கவைத்தான்;
பை மட்டும் கொட்டகலையில் இறங்கிப் போனது.
ஊர் சிரித்தது.
எனக்குப் படத்துக்கு இவ்வளவு என்று காசு.

நல்லவன் ஒருத்தனும் வேண்டும் என்றார் ஆசிரியர்,
பிள்ளைகளும் பார்க்கிறார்களாம்.
‘இந்தா’ இருளப்பனை வரைய உட்கார்ந்தேன்.
நல்ல முகத்தில் பேனா எங்கே பிடிக்கும்?
மூக்கைப் பெருப்பித்தால் திருடன்,
சிறுப்பித்தால் கலண்டர் சாமி.
குடையை இரவல் கொடுத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.
கொடுத்துவிட்டு நனைந்தான். லேசாகச் சிரித்தார்கள்.
நனைந்து, தும்மி,
அந்தத் தும்மலில் வாங்கினவனின் குடை
பள்ளத்துக்குப் பறந்தபோதுதான்
வாசகர் கடிதம் மூன்று வந்தது.

பறிக்கிறவன் விழுந்தால் நமக்கு நியாயம் கிடைத்த மாதிரி.
கொடுக்கிறவன் விழுந்தால் வேறொன்று:
நல்ல வேளை, நாம் கொடுக்கவில்லை.

ஒரு மழை மாலை கடைக்குள் வந்தார் சன்னாசி.
எங்கள் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கிறவர்.
சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று
கிலோ கிலோவாகக் கழிக்கிற கை.
தொப்பியைக் கழற்றினார்.
எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான்.

“தங்கச்சி, அந்த ஏகாம்பரம் நாந்தானே?”
இல்லை என்றேன்.
“பொய் வேணாம். எங்க வீட்டு நாயே பாத்துட்டு வாலாட்டிச்சு.”
ஸ்டேப்லரைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தினேன்.
“ஒரு படத்துக்கு எவ்வளவு தாராங்க?”
“ஆயிரம்.”
“மூஞ்சி என்னோடது. பாதி எடு.”

இரண்டு வருசம் வரைந்தும்
எனக்குத் தோன்றாத வசனம்.
கொடுத்தேன் ஐந்நூறு,
பயத்தில் பாதி, ரசித்துப் பாதி.
(படத்துக்கு உண்மையில் ஆயிரத்து ஐந்நூறு.
அதை நான் ஏன் சொல்கிறேன்?)

அடுத்த இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை
ரோசிலின் ஓடிவந்து சொன்னாள்:
அந்த ஐந்நூறுக்கும் பத்திரிகை வாங்கி
சன்னாசி லயம் லயமாக நடக்கிறாராம்.
காம்பராக் கதவைத் தட்டி
“சும்மா வச்சுக்கங்க, காசு வேணாம்.
கடைசிப் பக்கம் பாருங்க. நாந்தான்.”

“எங்கிட்ட கழிச்ச கொழுந்துக்கு இதான் போனசு”
என்று ரோசிலின் அதைக் கூரை ஒழுகும் இடத்தில்
நாலாக மடித்துச் செருகிவிட்டாள்.
மழை இரண்டு நாள் உள்ளே வரவில்லை.
திங்கட்கிழமை தராசில்
வழக்கம்போல் இரண்டு கிலோ கழித்தார்.

இதை வரையப் பார்க்கிறேன்.
முதல் கட்டத்தில் கேட்கிறார்.
இரண்டாவதில் கொடுக்கிறார்.
கொடுத்ததா அது, தன்னைத்தானே ஊருக்கு விற்றதா,
பேனாவுக்குத் தெரியவில்லை.
மூன்றாவதில்
தரையை ஈரமாக்கி வைத்துவிட்டேன்,
விழ ஆள் இல்லை.

மூலையில், ஷட்டர் பாதி இறக்கிய கடையில்
மிச்சம் ஆயிரத்தை எண்ணிக்கொண்டு
ஒருத்தி இருக்கிறாள்.
அவளுக்கும் தலையில் மூன்று மயிர்தான் வருகிறது.
அதை மட்டும் வெள்ளை மையால் அழித்து
நீளமாய் இரண்டு சடை போட்டேன்.