வெற்று எடை

சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும்.
அவர் சொன்னது இடப்பக்கம், நான் சொன்னது வலப்பக்கம்,
நடுவே ஒல்லியாய் ஒரு கட்டம்: என்ன உணர்ந்தாய்?
அடியில் ஆறு வரி இடம்: இறையியல் சிந்தனை.
வெள்ளி மாலை ஐந்துக்குள்.

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்துநான்கு.
எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்கு மின்கம்பி செருகிவிட்டு
மருத்துவமனை உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
வெர்னா தீசன், வயது ஐம்பத்தொன்று,
இறையியலும் ஊழியமும், முதுகலை இரண்டாம் ஆண்டு.
அதற்கு முன் பத்தொன்பது வருடம்
தானியக் கிடங்கின் எடைமேடையில்.
வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்தைந்து வயது.
கடவுளின் இயலாமை குறித்துக் காபி ஆறிப்போகும்வரை பேசுவார்கள்.
நல்ல பிள்ளைகள். எனக்கும் ஒரு காபி வாங்கிவைப்பார்கள்.

ஐந்தாம் மாடி. பெயர் எழுதக் கூடாது.

திரு. ப: நீ பாஸ்டரா?
நான்: இன்னும் இல்லை. படிக்கிறேன்.
திரு. ப: என்னை வைத்தா?
நான்: ஆமாம்.
திரு. ப: முன்னே என்ன வேலை?
நான்: கோதுமை நிறுப்பேன்.
திரு. ப: ஈரம் என்று சொல்லித் திருடுவீர்களே, அதுவா?

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் ஓடியது.
இருமலை எந்தப் பக்கம் எழுதுவது?

பிறகு அவர் பேசவில்லை.
நானும்.
சுவர்க்கடிகாரக் கணக்கில் இருபத்திரண்டு நிமிடம்.
ஜன்னலுக்குக் கீழே ஆற்றில்
உறையாத ஒரு துண்டுத் தண்ணீர்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தோம்.

இடப்பக்கம் காலி, வலப்பக்கம் காலி.
நடுக்கட்டத்தில் கிரேக்க வினைச்சொல் ஒன்றை எழுதி
அடித்துவிட்டேன்.
மனதுருகினார் என்று நாம் வாசிக்கும் இடத்தில்
மூலத்தில் கிடப்பது குடல்.
தேர்வில் அந்தச் சொல்லுக்கு எனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று,
அழுத்தக்குறி இடம் மாறியதால்.
அந்த நாற்காலியில் வயிற்றைப் பிசைந்தபோது
அழுத்தம் சரியான இடத்தில்தான் விழுந்தது.

போன அறிக்கையின் ஓரத்தில்
மெரில் ஆஷ்டவுன் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
'இந்த உரையாடலில் கடவுள் எங்கே?'
நியாயமான கேள்வி. மேற்பார்வையாளர் கேட்கத்தான் வேண்டும்.

எடைமேடையில் லாரி நிறைந்து ஏறும், குறித்துக்கொள்வேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி குறிப்பேன்.
இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்குப் பெயர் கோதுமை.
கோதுமையைத் தனியாக
ஒருநாளும் நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

அறைக்குள் போனபோது என்னிடம் இருந்தவை:
மனப்பாடமாய் ஒரு ஜெபம், தேவைப்பட்டால் இன்னொன்று,
சின்னக் குப்பியில் எண்ணெய்,
துயரத்தின் படிநிலைகள், லேமினேட் செய்த அட்டை.
வெளியே வந்தபோதும் அத்தனையும் இருந்தன.
இடக்கைக் கையுறை மட்டும் இல்லை.
மடியிலிருந்து எப்போது எடுத்தாரோ,
விரல்களுக்குள் அதைச் சுருட்டிப் பிடித்தபடி
தூங்கிவிட்டிருந்தார்.
இழுத்திருந்தால் வந்திருக்கும்.

ஆறு வரியில் முதல் வரி எழுதினேன்:
'போகும்போது கையுறை இரண்டு. வரும்போது ஒன்று.'
ஆஷ்டவுனுக்கு இது போதாது. எனக்கும் போதுமா, தெரியவில்லை.
மீதி ஐந்து வரி வெள்ளையாய்க் கிடக்கிறது.

மணி நாலரை. இருட்டிக்கொண்டு வருகிறது.
கார்க்கதவைத் திறக்க வலக்கையில் தாள்கள்,
இடக்கை வெறுங்கை;
இந்தக் குளிரில் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்,
விடுவித்தால்
கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும்.