நாலு கிகாபைட்டுக்குக் கீழே

கோட்டையில் ஒரு வங்கிக்கு
இன்னமும் அந்தப் பழைய சிஸ்டம்தான் வேண்டும்.
அதன் இரும்புப் பெட்டி செத்துப் பத்து வருடம்.
ஆவியை மட்டும் எங்கள் சேர்வரில்
குடிவைத்திருக்கிறோம்.

அது எழும்பும் முன்பே
எழும்பியிருக்க வேண்டியது நான் எழுதும் ஃபேர்ம்வெயார்.
நினைவகம் இவ்வளவு, கடிகாரம் இங்கே,
டிஸ்க் அங்கே என்று
வரப்போகும் விருந்தாளிக்கு
வாசலில் அட்டவணை ஒட்டுகிறவள் நான்.

நாலு கிகாபைட்டுக்கு மேலே
ஒரு முகவரி கண்ணில் பட்டாலே
பழசு தலைசுற்றி நீலமாய் விழுந்துவிடும்.
புதியவர்களுக்கோ மேல்மாடிதான் வேண்டும்.
யார் வருவது என்று முன்னமே தெரிந்தாக வேண்டும்.

பெயரைக் கேட்டுப் பார், என்றான் திசர.
கேட்டேன்.
நீ இன்னாரா? ஓம்.
நீ மற்றவரா? அதற்கும் ஓம்.
விண்டோஸா என்று கேட்டால்
லினக்ஸும் கண் சிமிட்டாமல் ஓம் என்கிறது.
பொய்தான். ஆனாலும்
சொந்தப் பெயரைச் சொன்னால்
மின்விசிறி சுழலாத லப்டொப்புகளை
நானே பார்த்திருக்கிறேன்.

கேட்பதை விட்டேன்.
எந்தக் கதவை முதலில் தட்டுகிறது,
எத்தனை தரம்,
தட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது.
மூன்று இரவு பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து
கடைசியில் பிடித்தேன்:
பழசு மட்டும்
இல்லாத ஃப்ளொப்பியை ஒருமுறை தேடும்.

தேடியவருக்கு நாலுக்குக் கீழே பாய் விரித்தேன்.
படுத்துக்கொண்டது.

பதினொன்றே கால். தெமட்டகொடையில் மழை.
மறித்த த்ரீவீலில்
வெள்ளவத்தைக்கு எண்ணூறு என்று
சிங்களத்தில் பேசி ஏறினேன்.
அவர் சிங்களத்தில் மழையைத் திட்டினார்.
நான் சிங்களத்தில் மாநகரசபையைத் திட்டினேன்.
பொரளை, திம்பிரிகஸ்யாய.
இருவரிடமும் ஒரு பிழை இல்லை.

பாமன்கடைச் சந்தி சிவப்பில் அவருக்குக் கோல் வந்தது.
"தூங்கு புள்ள, வந்துர்றேன்.
அந்தப் பூனைய உள்ள விட்றாத,
போன வாட்டி அப்பன் தட்டுலயே வாய வச்சிச்சு."

சிரித்துவிட்டேன்.
தெரியாதவள் சிரிக்க முடியாத இடத்தில்.

கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார்.
பச்சை விழுந்தது.
காலி வீதி வரைக்கும்
இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இறங்கும்போது
காசை நீட்டி, பழக்கத்தில்,
"இஸ்தூதி" என்றேன்.

"பரவால்லீங்க" என்றார்.