வானம் பார்த்த கூடம்

தலைக்கு ஒன்பது பவுண்டு.
அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஆறு.
நாய்களுக்கு இலவசம்,
சுழல்படியில் மட்டும் தூக்கிக்கொள்ள வேண்டும்.
டன்வாரிக் கோட்டையில் என் நாள் இப்படித்தான் தொடங்கும்.
கொலைகளெல்லாம் அப்புறம்.

வாசலுக்கு மேலிருக்கும் துளையைக் காட்டி
கொதிக்கும் எண்ணெய் என்பேன்.
எண்ணெய் விற்ற விலைக்கு
எந்தப் பிரபு அதைப் பகைவன் தலையில் ஊற்றுவான்?
கல்லைப் போட்டிருப்பார்கள்.
ஆனால் பள்ளிப் பிள்ளைகள் எண்ணெய்க்காகத்தான்
இரண்டு மணிநேரம் பேருந்தில் வருகிறார்கள்.

அடுத்தது கழிப்பு மாடம்.
சீமாட்டியின் கம்பளி அங்கிகளை இங்கேதான் தொங்கவிட்டார்களாம்,
நாற்றத்துக்குப் பூச்சி அண்டாது என்று.
எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்,
நானூறு வருடமாகக் காற்று மட்டுமே
வந்துபோகும் இடத்தில்.

பிறகு குழி.
புட்டியைப் போலக் குறுகிய கழுத்து, கீழே இருட்டு.
கணக்குப் புத்தகம் ஒன்று மிஞ்சியிருக்கிறது.
குழியில் இருப்பவனுக்கு ஓட்ஸ் ஒரு படி.
அடுத்த வாரம் அரைப் படி.
அதற்கடுத்த வாரம்
மெழுகுவத்தி, உப்பு, குதிரை லாடம்.
இதை நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வதில்லை.

கடைசியில் பெரிய கூடம்.
அண்ணாந்து பார்த்தால் மேகம்.
"கூரையை எரித்தது இங்கிலீஷ் படையா?" என்பார்கள்.
தலையை லேசாக அசைப்பேன்,
ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.
அந்த அசைவுக்குச் சில நாள் சில்லறையும் விழும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
உள்ளே போனவர்கள் பதினேழு.
வெளியே வந்தவர்கள் பதினாறு.
இரண்டு முறை எண்ணிவிட்டு
டார்ச்சோடு திரும்பிப் போனேன்.
குழிக்குள் அடித்துப் பார்த்தேன், முதலில்.

அவர் கூடத்தில் இருந்தார்.
கணப்பின் கல்மேடையில்,
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு,
நனைந்துகொண்டு.
"மூடும் நேரம் ஐயா" என்றேன்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.
"எஃபி, அந்த இங்கிலீஷ் படை நான்தான்."

ஐம்பத்து நான்கு, மே மாதம்.
டூகல்ட் மெக்ஃபேடனுக்கு வயது பதினேழு.
ஐந்து பேர், ஒரு லாரி, கடன் வாங்கிய ஏணிகள்.
கூரை இருந்தால் வீடு, வீடென்றால் வரி.
கூரையை எடுத்துவிட்டால்
சட்டத்தின் கண்ணில் இது வெறும் கல்.
கடைசிச் சீமாட்டி தானே வந்து
வெள்ளிக் கெட்டிலில் தேநீர் ஊற்றினாளாம்.
பால் இல்லை. மாட்டை விற்றாயிற்று.

"முதல் பலகையைப் பெயர்த்ததும்
கீழே ஒரு துண்டு வெயில் விழுந்தது.
இந்தத் தரை அதுவரை வெயிலைக் கண்டதே இல்லை.
மூலையில் கிடந்த அவள் நாய்
எழுந்து, சோம்பல் முறித்து,
நேரே அதில் போய்ப் படுத்துக்கொண்டது.
நாங்கள் பெயர்க்கப் பெயர்க்க
அதற்கு இடம் கூடிக்கொண்டே போயிற்று."

அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.
நாயைத்தான் பார்த்தேன் என்றார்.

சுவர் முகட்டில் காக்கைகள் அடையத் தொடங்கின.
எழுந்து தொப்பியைப் பிழிந்தார்.
எங்கள் இருவருக்கும் ஒரே டார்ச்,
படிகளோ பழையவை,
பேசாமல் இறங்கினோம்.

வாசலில் பாக்கெட்டைத் துழாவியபடி நின்றார்.
சில்லறை தரப் போகிறார் என்று நினைத்தேன்.
"பதினெட்டுப் பலகைகளை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
கோழிக்கூண்டு
இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை."
பேருந்து அட்டையை எடுத்துக்கொண்டு
மழைக்குள் நடந்தார்.

பதினேழு என்று எழுதிப் பூட்டினேன்.

மறுநாள் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு சிறுமி
கூடத்தின் நடுவே நின்று,
கழுத்து வலிக்க மேலே பார்த்துக் கேட்டாள்,
கூரை எங்கே என்று.
தலை தானாக அசையப் போயிற்று.
நிறுத்திவிட்டு, "கோழிகளிடம்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டு
எழுதிக்கொண்டாள்.