கொடிக்கு வழி

பதினொரு வருடம் அந்த இடத்தில்
ஒரு மாஸ்க்விச் கார் நின்றது.
நாலாம் மாடி அஸ்பரூஹுடையது.
அவன் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய்விட்டான்.
சாவியையும் கொண்டுபோய்விட்டான்.
உள்ளே பூனைகள் குடித்தனம் நடத்தின.

ப்ளோவ்திவ் நகரின் கிழக்கு ஓரத்தில்
எங்கள் கட்டடம் சாம்பல் நிறம்.
பக்கத்துக் கட்டடமும் அப்படியே, அதற்கடுத்ததும்.
குடித்துவிட்டு வருகிறவர்கள்
தவறான கதவில் சாவியைத் திணிப்பார்கள்.
எங்களுக்குள் இருந்த போக்குவரத்து
அவ்வளவுதான்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு.
தரைத்தளத்து ரதோய், ட்ராலிபஸ் ஓட்டுகிறவர்,
யாரையும் கேட்காமல் காரை இழுத்து ஓரங்கட்டினார்.
அடியில் மண் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது.
முழங்கால் ஆழம் வாரிக் கொட்டிவிட்டு
ஆற்று மண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்தார்.
பிறகு ஒரு குச்சியை நட்டார்.
வெறும் குச்சி.
துணி காயப்போட்டபடி மேலிருந்து பார்த்தேன்.
மைத்துனனுக்குச் சொல்வதுபோல்
அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

திராட்சையாம்.
அவர் வீட்டு முன்னால் வெயிலே விழாது.
வெயில் முழுக்க மேலே இருந்தது,
எங்கள் பால்கனிகளில், சும்மா.

முதல் மாடி ஸ்பாஸ்கா, வரி அலுவலகம்.
"குளவி வரும்" என்றாள். நறுக்கினாள்.
மறு வருடமும் எட்டிப் பார்த்தது.
மறுபடி நறுக்கினாள்.
லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினாள்:
'பொதுச்சுவரில் தனியார் செடி கூடாது.'
கீழே யாரோ பென்சிலில் எழுதினார்கள்:
'லிஃப்ட் ஓடவில்லையே, அதை முதலில் கேள்.'

ஜனவரியில் அவள் வீட்டுக் குழாய் வெடித்தது.
ரதோயின் கட்டில்மேல்
கூரைப் பூச்சு மொத்தமும் இறங்கியது.
கையில் உறையோடு, உறைக்குள் பணத்தோடு
முதல் முறையாக அவர் கதவைத் தட்டினாள்.
அவர் உறையைத் தொடவில்லை.
"உங்கள் தண்ணீர் கீழே வந்தது.
என் செடி மேலே போகட்டும்.
கணக்கு நேர்."

கணக்கென்றால் அவளுக்குப் புரியும்.

ஏப்ரலில் கொடியை அவளே கட்டினாள்,
பழைய நைலான் காலுறையால், இரட்டை முடிச்சு.
இரண்டாம் மாடி மிலென்
அறுந்த கிதார் கம்பியால் கட்டினான்.
நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
எனக்கு வாய்த்தது காயக்கட்டுத் துணி.
ஒவ்வொரு முடிச்சுக்கும்
ஒருவர் குனிந்தாக வேண்டும், ஒருவர் எட்டிக் கொடுத்தாக வேண்டும்.
மிலெனின் முகத்தை
அன்றுதான் பகலில் பார்த்தேன்.
ஏழு வருடமாக அவன் இருமலை மட்டும் தெரியும்.
மருந்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் செப்டம்பரில்
என் கம்பியழியில் கனிந்தது, கறுப்பாக, மூக்கைத் துளைக்கும் மணத்தோடு.
குளவியும் வந்தது. ஸ்பாஸ்கா சொன்னது பொய்யில்லை.
வாளியில் ஆறு கொத்து வைத்துக் கயிற்றில் இறக்கினேன்.
இரண்டாம் மாடியில் ஒரு கை நீண்டது.
முதல் மாடியில் இன்னொரு கை, மோதிரம் போட்டது,
சுங்கம் பிடித்தது.
"எத்தனை அனுப்பினாய்?" கீழிருந்து ரதோய் கத்தினார்.
"ஆறு!"
"வந்தது இரண்டு!"
இரண்டு பால்கனிகளிலும் மயான அமைதி.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
நாலு கொத்தை வாய்க்குள் மறைக்கக் கூடாதா?

நாலாம் மாடியில் ஆளில்லை.
துடைப்பக் கட்டையால் நுனியைத் தள்ளிவிட்டேன்.
மற்றதை அதுவே பார்த்துக்கொண்டது.

போன வருடம் ஆகஸ்டில்
சண்டை போடவென்றே வந்தான் அஸ்பரூஹ்.
"என் வண்டி எங்கே?"
படிக்கட்டு முழுக்க அந்தக் குரல், மாடி மாடியாக.
நாங்கள் கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம்.
மேலே பால்கனிக் கதவு கிறீச்சிட்டது.
பிறகு சத்தமில்லை.

வெகுநேரம் கழித்து
என் கம்பியழியில் டக் என்று ஏதோ விழுந்தது.
விதை.
இன்னொன்று.
மிலெனின் தகரக் கூரையில் ஒன்று.
கீழே ஸ்பாஸ்கா கத்தினாள்:
"துப்பாதே அய்யா! துணி காய்கிறது!"