இரண்டு விரல் உயரம்

முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட்டு தாழ்வு.
பின்னால் இழுத்தால் சீட்டு உயரம்.
குல் ஜமானுக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.
ஷார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
பன்னிரண்டு பலசரக்குக்கடைக் கால்களுக்கு
அது போதுமானதாக இருக்கிறது.

கிளினிக்கில் ஐந்து நாளைக்கு மாத்திரை தந்தார்கள்.
ஆறாம் நாள் வலி வேலைக்கு வந்துவிட்டது,
எனக்கு முன்பே.
குல் ஜமான் மாத்திரைச் சீட்டைப் பார்க்கவில்லை,
நான் மிதிப்பதைப் பார்த்தான்.
"பெடல் கீழே போன பிறகும் உன் முட்டி மடங்கியே இருக்கிறது,
யாருக்கு சலாம் வைக்கிறாய்?"
ஸ்பானரால் ஒரு திருகு.
இரண்டு விரல் உயர்ந்தேன்.
ஒரே வாரத்தில் முட்டி வாயை மூடிக்கொண்டது.

உயர்ந்தவனுக்கு ஒரு தொல்லை,
கால் தரைக்கு எட்டாது.
பின்னால் இருபது லிட்டர் கேன் இரண்டு,
முன்கூடையில் முட்டை, குபூஸ், ஒரு கட்டு புதினா.
டயர்க்கடைத் திருப்பத்தில் லாரி ஒன்று ஒதுக்க,
ஊன்றுவதற்குத் தரையைத் தேடினேன்.
தரை என் முழங்கையைத் தேடி வந்தது.

முட்டை போயிற்று. ஒரு கேன் வாய் பிளந்தது.
அந்தத் தண்ணீரிலேயே காயத்தைக் கழுவினேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
கடைசி மணல் வெளியேறும்வரை.
யாரோ காப்பித்தூளோடு ஓடிவந்தான்,
வேண்டாம் என்றேன்.
ஒன்பது திர்ஹம் என் கணக்கில். முட்டை தனி.
கல்யாணத்தன்றுகூட இவ்வளவு விலையில் குளித்ததில்லை.

உட்காரும் இடத்துப் புண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
எட்டுப்பேர் ரூமில் ஒருவன் குப்புறப் படுத்தால்
அலமாரி மேலிருக்கும் வாஸ்லின் டப்பா
சொல்லில்லாமல் கைமாறும்.
வேர்த்த உடுப்போடு உட்காராதே என்பதை மட்டும்
புதிதாக வந்த திருமேனியிடம் வாய்விட்டுச் சொன்னோம்,
அது ஆகஸ்ட் என்பதால்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது வேறு கதை.
உடம்பின் பாரமெல்லாம் கைப்பிடியில் சாய்கிறது.
வீடியோ காலில் பொற்கொடி கேட்டாள்,
மோதிரம் எங்கே?
ரப்பர்ச் செருப்பை வெட்டிக் கைப்பிடியில் சுற்றியிருக்கிறேன்,
பிடியை அடிக்கடி மாற்றுகிறேன்,
விரல் விழித்ததும் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.
"விரலுக்குத் தெரியாவிட்டால் என்ன,
எனக்குத் தெரிகிறது, போடு."

முழங்கையில் பொருக்கு கட்டியதும்
குல் ஜமானிடம் போய், இறக்கு என்றேன்.
முட்டி? என்றான்.
சீட்டுக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஒரு விரல் இறக்கினான்.
காசு வாங்கவில்லை, புதினா ஒரு கட்டு கேட்டான்.

இப்போது முட்டி பாதி வலிக்கிறது.
கட்டைவிரல் நுனி தரையைத் தொடுகிறது.
இன்னும் ஏழு டெலிவரி,
அதில் மூன்று தண்ணீர்.