பிற்காலச் சேர்க்கை

கோர்ட்ரைக்கில் ஒரு வியாழன் காலை.
ஆளிநார் மணக்கும் கோணித்துணியில் சுற்றிக்
கொண்டுவந்து வைத்தார் கோடலீவ வெர்மாண்டர.
குண்டு இல்லை, பார்த்துவிட்டேன் என்றார்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
நான் மறுபடி பார்த்தேன்.

பிறகு ஜன்னலோரம் எடுத்துப் போனேன்.
விளக்கு முகஸ்துதி செய்யும்.
மழைக்கு முந்தைய வெளிச்சம்
யாருக்கும் எதையும் பூசி மெழுகாது.

எர்ஃபுர்ட் ஆலை, 1916.
மகுடத்தின் ஒரு முனை தேய்ந்திருந்தது.
அந்த ஆலைக்காரர்கள் திருகாணிக்கும் முத்திரை குத்துவார்கள்.
சட்டத்தில் 7163.
விசையில் 63, தாழ்ப்பாளில் 63,
பக்கத் தகட்டின் விளிம்பில்
நகம்பட்டால்தான் தெரியும் இன்னொரு 63.
எண்ணைக் குத்திய அன்று
சுற்றிலும் எழும்பிய மெல்லிய வரப்பு
அப்படியே இருக்கிறது.
மெருகுக்காரன் கை பட்டிருந்தால்
முதலில் கரைவது அதுதான்.
விசையில் வைக்கோல் நிறம்,
குழாய்முனையில் நீலம் போய் வெள்ளை.
உறைக்குள் போய்வந்து போய்வந்து ஆன வெள்ளை.
அதை அரத்தால் செய்ய முடியாது.
செய்திருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன்.
இது அதல்ல.

தோட்டாக்கூடுகள் இரண்டு.
ஒன்றின் மர அடியில் 7163.
மற்றதில் 2208.
பொருத்தம் இல்லையா என்றார், முகம் வாடி.
சேற்றில் யார் எண் பார்த்தான், அம்மா.
எல்லாம் பொருந்தி வந்தால்தான்
எனக்குத் தூக்கம் கெடும்.

கடைசியாக உறை.
மூடியின் உள்பக்கம் கருவிப் பை,
ஓர் அங்குலத்துக்குச் சற்றே பெரிய தோல்வாய்.
அதில் கருவி இருந்தது,
திருகு கழற்ற, கூட்டில் தோட்டா நிரப்ப.
நல்ல உருப்படி. அசலும்கூட.
ஆனால் தோல் அதை அறியவில்லை.

நூறு வருஷம் ஒன்றைச் சுமந்த தோல்
அதன் உருவத்தில் உப்பிவிடும்.
இந்தத் தோல் உப்பியிருந்தது
ஒரு வளையமாக,
வளையத்திலிருந்து நீளும் ஒரு தண்டாக,
தண்டின் நுனியில் இரண்டு பல்லாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கருவியை எடுத்து மேசையில் வைத்தேன்.
உருப்பெருக்கியை அவர் பக்கம் நகர்த்தினேன்.
அவர் குனிந்து பார்க்கவில்லை.

கெண்ட் சந்தையில் வாங்கினேன் என்றார்,
நூற்றைம்பது யூரோ.
முழுசாக இருந்தால் விலை கூடும் என்றார்கள்.

அதற்கு முன் என்ன இருந்தது?

கைப்பையைத் திறந்தார்.
மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டு,
அடியில் ஒரு சாவி.
வைத்துப் பார்த்தேன்.
தோல் அதை வாங்கிக்கொண்டது
பேசாமல், வாய் மூடி.

அவன் ஊர் வீட்டுச் சாவியாக இருக்கும் என்றேன்.
எத்தனையோ பேர் அப்படிக் கொண்டு வந்தார்கள்,
திரும்பப் போவோம் என்று.

இல்லை, என்றார் கோடலீவ.
எங்கள் பின்கதவு.
பூட்டு இன்னும் மாற்றவில்லை.
போன மாதம் போட்டுப் பார்த்தேன்,
எண்ணெய்கூட விடவில்லை, திறந்தது.

வெளியே தூறல் பிடித்தது.
அந்த வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள்
என்று நான் கேட்கவில்லை.
பிடுங்கிய சாவியா, கொடுத்த சாவியா
என்று எந்த முத்திரையும் சொல்லாது.
பிடுங்கியவன் அதை இப்படி
நெஞ்சளவு பத்திரமாக வைப்பானா
என்பது என் வேலை இல்லை.

எழுத வேண்டாம், அது மட்டும், என்றார்.

எழுதினேன்:
கைத்துப்பாக்கி, அசல்.
கூடு ஒன்று, அசல். ஒன்று, வேறு எண்.
உறை, அக்காலத்தது, தையல் பிரிக்கப்படவில்லை.
கருவி, பிற்காலச் சேர்க்கை.

கருவிப் பை என்ற வரியில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
காலி, என்று எழுதினேன்.
முப்பது வருஷத்தில் என் கையெழுத்தோடு போன
முதல் பொய்.

அவர் சாவியைக் கைப்பையில் போடவில்லை.
உள்ளங்கையில் மூடிக்கொண்டு
மழையில் பேருந்து நிறுத்தம் நோக்கிப் போனார்.
மேசைமேல் அந்தத் தோல்
இன்னும் உப்பியே இருந்தது.